துக்க வீட்டில் ‘வருகிறேன்’ என்று சொல்வதில்லை. தொலைபேசியில் என்ன சொல்வது?

பிறைக்கரை | 5 டிசம்பர் 2025, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன்.

என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டவர்கள். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். பெரிய தாத்தா மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். இடையில் அறுந்துபோயிருந்த உறவை வாட்ஸ்அப் எனும் புலனம்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு மீட்டுக் கொடுத்தது. பெரிய தாத்தாவின் பேத்தி, எனக்கு அக்கா முறை, பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் பேசிக்கொள்வோம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டிட்வா புயலோடு வந்த மழையில், நவம்பர் 27 அன்று இரவு, அவர்களுடைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) மேலிருந்த மலைச்சரிவு அப்படியே இறங்கிவிட்டது. அக்காவின் மருமகள் மண்ணுக்குள் போய்விட்டாள். மூன்றாம் நாள்தான் எடுத்தார்களாம். அக்கா, மகன், ஐந்து வயதுப் பேத்தி மூவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். சாலையும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து கிடந்ததால், செய்தியே எனக்கு நேற்றுத்தான் வந்தது, அதுவும் யாரோ ஓர் ஆசிரியரின் எண்ணிலிருந்து.

நேற்றிலிருந்து மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதினால் ஏதோ சங்கத் தலைவர் அறிக்கை விட்டதுபோல் இருக்கிறது. ‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்ல, கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன தகுதி? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போனால் விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். தொலைபேசியில் அப்படி எழுந்து வருவது எப்படி? சிரிக்காதீர்கள், இந்த ஒன்றுக்காகவே இன்னும் அழைக்காமல் இருக்கிறேன்.

செந்தூல்காரன் | 5 டிசம்பர், இரவு 11.15

சகோதரி, உங்கள் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள் என்னும்போது தனி ஒருவருக்கு என்ன சொல்வது என்று குழம்புவதைவிட, எல்லோருக்குமாகச் சேர்ந்து எதையாவது செய்வது நல்லது என்று நினைக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டே நாளில் 40 பெட்டி துணிமணி சேர்ந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் அக்காவின் முகவரியைத் தந்தால் அந்தத் தோட்டத்துக்கே அனுப்ப முயல்வோம். அவரிடம், விதியை யாராலும் வெல்ல முடியாது, உயிர் தப்பியவர்களை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர்மலையான் | 6 டிசம்பர், காலை 6.05

அம்மா, நீங்கள் கேட்டதை வாசித்துவிட்டு இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆகவே நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஏறத்தாழ 9 மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நில நடுக்கம். பினாங்குக் கரைக்கு அலை வந்தபோது பகல் ஒரு மணியை ஒட்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தும் எச்சரிக்க அன்று எந்த ஏற்பாடும் இல்லை. விடுமுறை நாள் என்பதால் தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபிரிங்கி வரைக்கும் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். என் தம்பி நண்பர்களோடு போனவன், திரும்பவில்லை. மறுநாள் மாலை மருத்துவமனையில் அடையாளம் காட்டினேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன சொற்களில் இன்றும் என்னால் மறக்க முடியாதவை இரண்டு. ஒன்று, ‘உங்களுக்காவது உடல் கிடைத்ததே.’ மற்றொன்று, நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் போய்விட்டார்கள், இலங்கையில் அதைவிட அதிகம், மலேசியா முழுவதற்கும் 68 பேர்தானாம், நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று என் அம்மாவின் முன்னிலையிலேயே ஒருவர் விளக்கியது. அவர் சொன்ன கணக்கில் பிழையில்லை. அந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். ஆனால் ஒரு தாயின் முன்னால் இன்னொரு ஊரின் பிணக்கணக்கை வைப்பது எந்த வகை ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செந்தூல் தம்பி கோபிக்க வேண்டாம். ‘தப்பியவர்களை நினைத்துத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. இழந்தவர் அதைத் தாமாகச் சொல்லலாம். நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

உதவி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. தம்பியின் மோட்டார் சைக்கிள் கடற்கரை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் போய் எடுத்துவர எங்கள் வீட்டில் எவருக்கும் கால் எழவில்லை. நான்காம் நாள், என்னோடு வேலை செய்த ஒரு சீன நண்பர் வந்து, ஆறுதலாக ஒன்றும் சொல்லாமல், மாற்றுச் சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மாலையில் வண்டி வீட்டுக்கு வந்தது. சக்கரத்துக்குள் அப்பியிருந்த மணலையெல்லாம் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, வாசலின் கண்ணில் படாதபடி பக்கவாட்டில் நிறுத்தி, பழைய மேசை விரிப்பு ஒன்றால் மூடிவிட்டுப் போயிருந்தார். 21 ஆண்டுகள் ஆகின்றன. அந்த மேசை விரிப்பின் கட்டங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

நம் பழைய இலக்கணத்தில், தலைவனை இழந்தவர் பாடும் பாட்டுக்குக் ‘கையறுநிலை’ என்று பெயர். செய்வதற்குக் கையில் ஒன்றும் இல்லாமற்போன நிலை. அந்த நிலையில் இருப்பவருக்கு நம் கையைக் கொஞ்ச நேரம் கொடுப்பதுதான் உதவி என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். அழையுங்கள் அம்மா. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

கொழுந்து | 6 டிசம்பர், பகல் 1.20

வணக்கம். நான் பதுளைப் பக்கத்துப் பையன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டார் தப்பிவிட்டார்கள். அடுத்த மலையில் எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் இல்லை. எனவே பிறைக்கரை அக்காவுக்கு நடைமுறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘மழை அவ்வளவு பெய்தபோது ஏன் அங்கேயே இருந்தீர்கள்?’ என்று தயவு செய்து கேட்டுவிடாதீர்கள். இந்தப் பத்து நாளில் வெளிநாட்டிலிருந்து அழைக்கிற ஒவ்வொருவரும் அன்போடுதான் இதைக் கேட்கிறார்கள். கேட்கிற காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழுகிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. பலருடைய உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனால் போவதற்கு இடம் வேண்டாமா? லயன் வீடும் அது நிற்கிற மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம்; தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து அங்கேயே சாகிறவனுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் (இலங்கையில் வழங்கும் சிறு நில அளவு) நிலம்கூட இருப்பதில்லை. இறங்கிப் போகச் சொல்வது சுலபம், எங்கே போவது என்பதற்குத்தான் பதில் கிடையாது.

இரண்டாவது, பணம். அனுப்புவதாக இருந்தால் உடனே அக்காவின் பெயருக்கு அனுப்பாதீர்கள். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் மண்ணுக்குள் போயிருக்கும். அட்டை இல்லாமல் பணம் எடுக்க முடியாது. அட்டை கையில் இருக்கிற, அக்கா நம்புகிற ஒருவரை அவரே சொல்லட்டும். உங்களுக்குத் தகவல் அனுப்பிய ஆசிரியராகவும் இருக்கலாம், ஆனால் அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். ஒரே தடவையில் பெரிய தொகை அனுப்புவதைவிட, இப்போது கொஞ்சம், அட்டை மறுபடி எடுத்த பிறகு கொஞ்சம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொஞ்சம் என்று பிரித்தால் நல்லது. இப்போது எல்லோரும் வருவார்கள். மாசியில் யாரும் வரமாட்டார்கள்.

அழைப்பை முடிக்கிற விஷயம்: எங்கள் பக்கத்திலும் ‘போயிட்டு வாரேன்’ சொல்கிற வழக்கம் இல்லை. அவர் வைக்கும் வரை நீங்கள் வைக்காமல் இருங்கள், அவ்வளவுதான்.

சூலியா தெரு | 6 டிசம்பர், மாலை 4.50

இறந்தவர்களுக்காகத் துஆ செய்கிறேன். எங்கள் முஸ்லிம் வீடுகளில் மௌத்துச் செய்தி கேட்டவுடன் ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்று சொல்வோம். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று பொருள். இப்படி ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருப்பது பெரிய வசதி என்று, பிறைக்கரை அவர்கள் மூன்று முறை எழுதி அழித்ததைப் படித்தபோது தோன்றியது. சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய சுமை இல்லை. அதற்குப் பிறகு சொல்லை விட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிவிடுவோம்: மய்யித்து வீட்டில் அடுப்பு எரியாது, அண்டை வீட்டார்தான் சோறு கொண்டுபோக வேண்டும். இந்து வீடுகளிலும் இதே வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பணிவான நினைவூட்டல். அதே வாரத்தில் செனியார் புயல் சுமத்ராவை அடித்தது. ஆச்சே, வட சுமத்ரா, மேற்குச் சுமத்ரா மூன்றிலுமாக இதுவரை இறந்தவர்கள் 800-க்கும் மேல். பினாங்கிலிருந்து வட சுமத்ராவின் மேடான் நகரம் கூப்பிடு தூரம். அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. சொந்தம் என்று தேடினால் கடலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். யாருடைய துக்கம் பெரிது என்று அளப்பதற்காக அல்ல. தண்ணீர்மலை ஐயா எழுதியதைப் படித்த பிறகு எண்ணிக்கை எழுதவே கை கூசுகிறது.

செந்தூல்காரன் | 6 டிசம்பர், இரவு 8.30

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ‘விதி’ என்ற பேச்சை எடுத்திருக்கக் கூடாது. ஆனால் 40 பெட்டி துணியைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசாததைக் கவனித்தேன். கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண வேலைக்காரர்கள். இருப்பதில் நல்லதைத்தான் கொடுத்தார்கள். நனைந்த துணியோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்திருப்பவர்களுக்கு மாற்றுத்துணி வேண்டாமா? பணத்தைத்தான் கொடுக்க வேண்டுமென்றால், கையில் பணமில்லாதவன் இரக்கப்படவே கூடாதா?

ஓய்வுபெற்ற தாதி | 7 டிசம்பர், காலை 9.10

செந்தூல் தம்பியின் கேள்வி நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்வதுதான் மரியாதை.

ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையோரம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அதில் பெரும் பகுதியை எடுத்துப் பார்க்கக்கூட ஆளில்லாமல் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து மட்கியது. மீனவக் குடும்பங்களில் பலர் அதைத் தொட மறுத்தார்கள். நேற்றுவரை தாங்களே உழைத்து உடுத்தியவர்கள் அவர்கள். வீடு போனதால் மானமும் போய்விடாது. இதோடு, கப்பல் கூலி, துறைமுகத்தில் காத்திருப்பு, மலைச்சாலையில் ஏற்றுவதற்கு லாரி என்று கணக்குப் பார்த்தால், அந்தச் செலவில் பதுளைக் கடைத்தெருவிலேயே புதுத்துணி வாங்கிக் கொடுத்துவிடலாம். அங்கே கடை வைத்திருப்பவரும் வெள்ளத்தில் அடிபட்டவர்தான். அவருக்கும் வியாபாரம் நடக்கும். கொஞ்சம் பணம் இருந்தாலும் போதும் தம்பி, நூறு பேர் ஆளுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் 500 வெள்ளி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களிடம் வீடுவீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. காவல் துறையின் அனுமதி வேண்டும். நல்ல மனத்தோடு உண்டியல் தூக்கிச் சங்கடப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அங்கே ஆள் வைத்திருக்கும் அமைப்புகளிடம் கொடுத்துவிடுவது எளிது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது, இங்கே மெர்சி மலேசியா இருக்கிறது.

பிறைக்கரை அவர்களுக்கு: உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் பேரிடர்க் களத்துக்குப் போகிறவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று செயல்கள்: பார், கேள், இணைத்துவிடு. என்ன தேவைப்படுகிறது என்று பார்ப்பது, அவர் சொல்வதைக் கேட்பது, உதவி எங்கே கிடைக்குமோ அங்கே அவரைச் சேர்ப்பது. அதில் எனக்குப் பிடித்த ஒரு கண்டிப்பு, நடந்ததை விவரமாகச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது. ‘மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்’ என்று நாங்கள் இளம் தாதிகளாக இருந்தபோது நம்பினோம். கொட்டச் சொன்ன பிறகு சிலர் இரவு முழுவதும் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனவே ‘எப்படி நடந்தது?’ என்று தொடங்காதீர்கள். அவராகச் சொன்னால் இடையில் பேசாமல் கேளுங்கள். பேத்தி தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

பிறைக்கரை | 8 டிசம்பர், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அழைத்தேன். ‘அக்கா, என்ன பேசுவதென்று தெரியவில்லை’ என்றேன். அக்கா, ‘எனக்குந்தான்’ என்றார். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

பேத்தி தூங்குகிறாளாம், ஆனால் காலில் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாளாம், கழற்றினால் விழித்துக்கொள்கிறாள். 12-ஆம் தேதி பதினாறாம் நாள், கருமாதியை எங்கே வைப்பது, பள்ளிக்கூடத்தில் விடுவார்களா என்று அக்காவுக்குக் கவலை. அதற்கான செலவை நான் அனுப்பலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, தம் மகனோடு வேலை செய்யும் ஒருவரின் பெயரைச் சொன்னார். ஆசிரியரின் பெயரை அல்ல. கொழுந்து தம்பி, நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் கேட்காமலேயே ஆசிரியருக்கு அனுப்பியிருப்பேன்.

நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. அக்காவே ஒரு வாக்கியம் சொன்னார்: ‘சத்தம் கேட்டுப் பிள்ளைய என் கையில தந்துட்டு, அடுப்பங்கரையில இருந்த மாமியார எழுப்பணும்னு திரும்புனா.’ அக்காவின் மாமியாருக்கு 90 வயது. அவரைப் பக்கத்து வீட்டார் முன்பே தூக்கிப் போயிருந்ததை மருமகள் அறிந்திருக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. வெகு நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பேத்தி எழுந்துவிட்டாள் என்று சொல்லி அக்காவே வைத்துவிட்டார்.

செந்தூல்காரன் | 14 டிசம்பர், மாலை 6.20

40 பெட்டியையும் நேற்றுப் பிரித்துப் பார்த்தோம். அனுப்பக்கூடிய நிலையில் இருந்தவை 6. மற்றவற்றில் ஒற்றைக் காலுறை, திருமண வரவேற்புக் கோட்டு, பள்ளிச் சின்னம் பொறித்த சட்டைகள், ஒரு பெட்டி நிறைய ஜன்னல் திரைச்சீலை. தாதி அம்மா சொன்னபோது மனத்தில் இருந்த கோபம் திரைச்சீலையைப் பார்த்ததும் போய்விட்டது. அந்த 6 பெட்டி இங்கேயே ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போகிறது. கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொல்லி, விருப்பமானவர்கள் நேராகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் அனுப்பும்படி கேட்டிருக்கிறோம். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பேர்தான் திட்டினார்கள்.

தண்ணீர்மலையான் | 26 டிசம்பர், காலை 7.15

இன்று தம்பிக்கு 21-ஆம் ஆண்டு. ஆண்டுதோறும் இந்நாளில் அம்மாவுக்கு ஒருவர் மட்டும் அழைப்பார். வண்டியைக் கொண்டுவந்து விட்ட அதே நண்பர். உடல்நலம் விசாரிப்பார், பேரப்பிள்ளைகளைக் கேட்பார், தம்பியின் பெயரை ஒருமுறை சொல்வார். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதற்காகவே அம்மா காலையிலிருந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிறைக்கரை அம்மா, அடுத்த நவம்பர் 27-ஐ நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.

பிறைக்கரை | 2 ஜனவரி 2026, இரவு 11.05

குறித்துவிட்டேன் ஐயா. இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் அக்கா தாமாகவே அழைத்து, ‘உங்கிட்ட ஒன்னு கேக்கணும்’ என்றார். பணமாக இருக்கும் என்று நினைத்தேன். மருமகளின் படம் அவர்களிடம் ஒன்றுகூட இல்லையாம். கல்யாண ஆல்பம், மகனின் கைப்பேசி எல்லாம் மண்ணுக்குள். முன்பு பொங்கலுக்கு எனக்கு அனுப்பிய படம் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பேசியில் பின்னோக்கித் தேடியதில் மூன்று படம் கிடைத்தது. இரண்டில் முகம் தெளிவில்லை. மூன்றாவதில் லயத்து வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பேத்தி, கையில் கரும்புத் துண்டு.

நேற்று அதைப் பெரிதாக்க ஜார்ஜ் டவுனில் ஒரு படக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அனுபவசாலி, பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது. தோற்றம், மறைவு தேதி எழுதித் தரச் சொன்னார். மறைவு தெரியும். தோற்றத்தை அக்காவிடம் கேட்டால், அடையாள அட்டையில் ஒரு தேதி, அவளைப் பெற்றவள் சொல்லும் தேதி வேறு. அட்டையும் இப்போது இல்லை. இரண்டையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடலாம் என்று முடிவு செய்தோம். பிறகு கடைக்காரர் தயங்கித் தயங்கி, மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிற குழந்தை இருக்கக் கூடாது, வெட்டி எடுத்துவிடவா என்று கேட்டார். கடையில் நின்றபடியே அக்காவை அழைத்தேன். சுவரில் மாட்டுவதற்கு வெட்டிய படம் ஒன்று, வெட்டாத படம் ஒன்று பேத்தியின் கைக்கு என்று அக்கா இரண்டு கேட்டார்.

கொழுந்து தம்பி 9-ஆம் தேதி விடுமுறையில் ஊருக்குப் போகிறார்; அவரே எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டார். கண்ணாடிச் சட்டம் வழியில் உடைந்துவிடும் என்பதால் படத்தை மட்டும் அட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தைப் பதுளையில் வாங்கிக்கொள்வார்கள்.